மாற்றம் வரும்போது மனம் கலங்குவது ஏன்?

பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததுமே நம் பன்னிரண்டாம் வகுப்பு மாணவியரிடையே ஒரு கேள்வி வலம் வரத் தொடங்கிவிடுகிறது. "அடுத்து எங்கே?" என்பதே அது. செவிலியர் பயிற்சிக்குப் போக எண்ணுவோர் சிலர். விடுதியில் தங்கிக் கல்லூரியில் படிக்கப் போவோர் பலர். வீட்டு நிலைமை காரணமாக உடனே வேலைக்குச் செல்ல வேண்டியவர்களும், மடத்தில் சேர விருப்பம் தெரிவித்திருப்பவர்களும் உண்டு. தந்தைக்கு மாற்றல் வந்ததால் எட்டாம் வகுப்பிலேயே வேறு ஊருக்குப் புறப்படும் சிறுமியும் இருக்கிறாள். அவளை யாரும் அவ்வளவாகக் கவனிப்பதில்லை.

கேட்பவள் சிரித்துக்கொண்டே கேட்கிறாள். பதில் சொல்பவளும் சிரித்துக்கொண்டே சொல்கிறாள். ஆனால் இரவு விளக்கணைத்துப் படுத்த பின் கதை வேறாகிறது. இடம் கிடைக்காவிட்டால் என்ன செய்வது? கிடைத்து, அங்கே என்னோடு ஒருவரும் பேசாவிட்டால்? நான் இல்லாதபோது அம்மாவுக்கு உடம்புக்கு வந்துவிட்டால்? இப்படி ஒன்றின் வாலைப் பிடித்துக்கொண்டு மற்றொன்று வருகிறது. மறுநாள் காலை வகுப்பில் கண்கள் சிவந்திருக்கின்றன.

கவலைப்படாதே என்று சொல்வது எளிது. அப்படிச் சொன்னதால் ஒருவருடைய கவலை தீர்ந்ததாக நாம் கண்டதில்லை. ஆகவே, கவலை ஏன் மாற்றத்தின் கையைப் பிடித்துக்கொண்டே வருகிறது, எந்த அளவைத் தாண்டினால் அது தொல்லையாகிறது, அப்போது என்ன செய்யலாம் என்பவற்றைச் சற்று விளக்கமாகப் பார்ப்போம்.

அமெரிக்காவில் சியாட்டில் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தாமஸ் ஹோம்ஸ், ரிச்சர்ட் ரே என்னும் மருத்துவ அறிஞர் இருவர் 1967ஆம் ஆண்டில் ஒரு பட்டியலை வெளியிட்டனர். வாழ்க்கையில் நேரக்கூடிய 43 நிகழ்ச்சிகளை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் தன்னைச் சரிப்படுத்திக்கொள்ள ஒருவர் எவ்வளவு பாடுபட வேண்டியிருக்கும் என்று ஏறத்தாழ 400 பேரிடம் கேட்டு அதற்கு மதிப்பெண் கொடுத்திருந்தார்கள். கணவனையோ மனைவியையோ சாவில் இழப்பதற்கு 100. அதுவே முதலிடம். இதில் நமக்கு வியப்பில்லை. ஆனால் அதே பட்டியலில் திருமணத்துக்கு 50 மதிப்பெண் இருக்கிறது. பள்ளியில் சேர்வதற்கு அல்லது படிப்பை முடித்து வெளியேறுவதற்கு 26. வீடு மாறுவதற்கு 20, பள்ளி மாறுவதற்கு 20. கிறிஸ்துமஸ் பண்டிகைக்குக்கூட 12!

துன்பம் மட்டுமல்ல, மகிழ்ச்சியான மாற்றமும் நம்மிடம் உழைப்பைக் கேட்கிறது என்பதை இந்தப் பட்டியல் காட்டுகிறது. விரும்பிய கல்லூரியில் இடம் கிடைத்த பெண், மகிழ வேண்டிய நேரத்தில் அழுகிறாள். "எல்லாம் நல்லபடியாகத்தானே நடக்கிறது, பிறகு எனக்கு ஏன் இப்படி?" என்று தன்னையே நொந்துகொள்கிறாள். அவளிடம் குறை ஒன்றும் இல்லை. புதிய படுக்கை, புதிய உணவு, புதிய மணியோசை, பெயர் தெரியாத முகங்கள் எல்லாவற்றுக்கும் அவளுடைய உடலும் மனமும் ஒரே நேரத்தில் பழக வேண்டியிருக்கிறது. உறங்கும் பழக்கம் மாறுவதற்கு 16, உண்ணும் பழக்கம் மாறுவதற்கு 15 என்று அந்தப் பட்டியலே தனித்தனியாகக் கணக்கிடுகிறது.

பெற்றோர் கவனிக்க வேண்டிய ஒரு வரியும் அதில் உண்டு. மகனோ மகளோ வீட்டை விட்டுப் பிரிந்து செல்வதற்கு அவர்கள் கொடுத்திருக்கும் மதிப்பெண் 29. அதாவது, பள்ளியை விட்டுப் போகும் மகளின் சுமையைவிட, வாசலில் நின்று வழியனுப்பும் தாயின் சுமை சற்றுக் கூடுதல்! அந்நாட்டு மக்களைக் கேட்டு அக்காலத்தில் செய்த கணக்கு நம் குடும்பங்களுக்கு அப்படியே பொருந்தும் என்று நாம் சொல்லவில்லை. ஒரே மாற்றத்தை ஒருத்தி எளிதாகத் தாங்குவதையும் மற்றொருத்தி துவண்டு போவதையும் நாம் பார்க்கத்தான் செய்கிறோம். ஆயினும் மாற்றத்துக்கு ஒரு பாரம் உண்டு என்பதை எண்ணால் எழுதிக் காட்டியது நல்லதுதான்.

இனி, உடலுக்குள் நடப்பதைப் பார்ப்போம். ஆபத்து வருகிறது என்று மூளை கருதினால், சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல் அமைந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிகள் அட்ரினலினை இரத்தத்தில் கலக்கின்றன. இதயம் வேகமாக அடிக்கிறது, மூச்சு மேலெழுகிறது, ஓடவும் போராடவும் வேண்டிய தசைகளுக்கு இரத்தம் மிகுதியாகப் பாய, வயிற்றின் வேலை மந்தமாகிறது. தேர்வு நாளன்று காலையில் இட்லி தொண்டைக்குள் இறங்க மறுப்பதும், வயிற்றைப் பிசைவதும் இதனால்தான். பாம்பைக் கண்டு ஓடும்போது இந்த ஏற்பாடு உயிரைக் காக்கும். ஆனால் ஜூன் மாதத்தில் நடக்கப் போவதைப் பிப்ரவரி மாதத்தில் பாயில் படுத்துக்கொண்டு எண்ணும்போதும் உடல் இதே ஏற்பாட்டைத்தான் செய்கிறது. ஓடுவதற்கு இடமில்லை, எதிர்த்து நிற்பதற்கு ஆளும் இல்லை. அதனால் களைப்பு, தலைவலி, தூக்கமின்மை ஆகியவையே மிஞ்சுகின்றன. அப்போது மூச்சை மெதுவாக இழுத்து, இழுத்ததைவிட நிதானமாக வெளியே விட்டால் இதயத் துடிப்பு தணியும். சில நிமிடங்கள் இப்படிச் செய்தாலே உடல் அமைதியடைவதை உணரலாம்.

கவலை எல்லாமே தீயதல்ல. விண்ணப்பம் அனுப்பக் கடைசி நாள் எது என்ற கவலை நம்மை எழுப்பி விசாரிக்கச் செய்கிறது. அதற்குக் கவனம் என்றே பெயரிடலாம். வேலை முடிந்ததும் அது போய்விடும். மற்றொரு வகை உண்டு. "நான் தோற்றுவிட்டால் ஊரார் என்ன சொல்வார்கள்?" என்பதற்கு இன்றிரவு விடை கிடைக்காது. விடை இல்லாத கேள்வியை மனம் விடாமல் சுற்றிவருகிறது. சுற்றுவதையே ஏதோ வேலை செய்வதாக எண்ணிக்கொள்கிறது. திருகையில் தானியம் போடாமல் சுற்றினால் கல்லோடு கல் தேய்வது போன்றது இது.

இப்படித் தேய்ந்த ஒருவரை நாம் எல்லோரும் அறிவோம். சிறுமலர் என்று நாம் அன்போடு அழைக்கும் புனித குழந்தை தெரேசாவே அவர். ரோசா மலர்களைக் கையில் ஏந்திப் புன்னகையோடு நிற்கும் சுரூபத்தை ஆலயங்களில் பார்த்துப் பழகிய நமக்கு, அந்தப் புன்னகைக்குப் பின்னால் இருந்த ஆண்டுகள் எளிதில் தெரிவதில்லை.

அவர் 1873 ஜனவரி 2ஆம் நாள் பிரான்சு நாட்டில் பிறந்தார். நான்கரை வயதில், 1877 ஆகஸ்டு மாதத்தில், தாய் செலி மார்ட்டினைப் பறிகொடுத்தார். அதே ஆண்டு குடும்பம் லிசியே நகருக்குக் குடிபெயர்ந்தது. இரண்டாம் அக்காள் போலினையே தாயாக எண்ணி வளர்ந்தார். அந்த போலின் 1882 அக்டோபரில் கார்மேல் மடத்தில் சேர்ந்துவிட்டார். அக்காள்மார் இருவரும் இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது தற்செயலாகக் காதில் விழுந்துதான் ஒன்பது வயதுத் தெரேசாவுக்குச் செய்தி தெரிந்தது! மறு ஆண்டு ஈஸ்டர் காலத்தில் அவருக்குக் கடும் நோய் கண்டது, உடல் நடுங்கியது, காணாதவற்றைக் கண்டு அஞ்சினார். வீட்டார் உயிருக்கே பயந்தனர். மே 13ஆம் நாள், படுக்கையருகே இருந்த மாதா சுரூபம் தம்மை நோக்கிப் புன்னகை செய்ததாகக் கண்டு அவர் நலம் பெற்றார்.

இதோடு முடியவில்லை. புதுநன்மை வாங்கிய ஓராண்டுக்குப் பின், 1885 மே மாதத்தில் நடந்த ஒரு தியானத்தின்போது வேறொரு தொல்லை பிடித்துக்கொண்டது. தம் ஒவ்வொரு எண்ணமும் சின்னஞ்சிறு செயலும் பாவமாயிருக்குமோ என்ற அச்சம் அது. ஏறக்குறைய ஒன்றரை ஆண்டுக் காலம் இது அவரை வாட்டியது. மூத்த அக்காள் மரியிடம் அன்றாடம் தம் அச்சங்களையெல்லாம் சொல்லுவார். சொன்னதும் சற்று ஆறுதல் கிடைக்கும். சிறிது நேரத்தில் மீண்டும் அரிக்கத் தொடங்கும். தலைவலியும் சேர்ந்துகொள்ள, தந்தை அவரைப் பள்ளியிலிருந்து நிறுத்தித் தனியே ஓர் ஆசிரியையிடம் பாடம் கேட்க ஏற்பாடு செய்தார். ஆம், பிற்காலத்தில் எத்தனையோ பள்ளிகள் தம் பெயரைச் சூடிக்கொள்ளப் போகிற அந்தச் சிறுமியால் அன்று பள்ளிக்குப் போக முடியவில்லை.

1886 அக்டோபரில் மரியும் மடத்தில் சேர்ந்தார். யாரிடம் சொல்வது? குழந்தைப் பருவத்திலேயே இறந்துபோன தம் உடன்பிறந்தார் நால்வரை நோக்கி அவர் மன்றாடினார். மனத்தில் அமைதி வந்தது. அவ்வாண்டு கிறிஸ்துமஸ் இரவில், களைத்திருந்த தந்தை சலிப்போடு சொன்ன ஒரு சொல் காதில் விழுந்தபோது, வழக்கம்போல் அழுது தீர்க்காமல் கண்ணீரை அடக்கிக்கொண்டு மகிழ்ச்சியோடு அவர் முன் போய் நின்றார். தம் குழந்தைப் பருவம் முடிந்த இரவாக அதை அவர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். 1888 ஏப்ரல் 9ஆம் நாள், 15ஆம் வயதில், தாமும் கார்மேல் மடத்தில் நுழைந்தார்.

நமக்கு மிகவும் பிடித்த நிகழ்ச்சி இதற்குப் பின் வருகிறது. 1890 செப்டம்பர் 8ஆம் நாள் அவர் வார்த்தைப்பாடு கொடுக்க வேண்டும். ஆண்டுக்கணக்காக ஏங்கிய நாள் அது. முந்திய இரவு திடீரென்று, தமக்குத் தேவ அழைத்தலே இல்லை, எல்லோரையும் ஏமாற்றிக்கொண்டிருக்கிறோம் என்ற எண்ணம் புயல்போல் அவரைத் தாக்கியது. அவர் என்ன செய்தார் தெரியுமா? அதை மூடி மறைக்கவில்லை. வீட்டுக்குத் திரும்பிப் போகவும் இல்லை. நவதுறவியரின் தலைவியைக் கோவிலிலிருந்து வெளியே வரச் சொல்லி உள்ளதை உள்ளபடி கூறினார். அவர் ஆறுதல் சொன்னார். பிறகு மடத்துத் தலைவியிடமும் சொன்னார். அவரோ சிரித்துவிட்டார்! மறுநாள் வார்த்தைப்பாடு நடந்தது.

இந்த வரலாற்றில் பெற்றோருக்கு முதலில் தெரிய வேண்டியது ஒன்று உண்டு. மாற்றம் வருவதைப் பிள்ளையிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பயந்துவிடுவாள் என்று மறைத்து வைத்தால், அடுத்த அறையிலிருந்து அரைகுறையாகக் கேட்டு அவள் ஒன்றுக்குப் பத்தாகக் கற்பனை செய்துகொள்வாள். மாற்றல் உத்தரவானாலும், அக்காளின் திருமணமானாலும், பாட்டியின் நோயானாலும் வயதுக்கேற்ற சொற்களில் சொல்லி, கேள்வி கேட்கவும் இடம் கொடுங்கள்.

ஆறுதல் சொல்வதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. "அம்மா, நான் பாஸாகிவிடுவேனா?" என்று மகள் கேட்கிறாள். "கட்டாயம்" என்கிறார் தாய். பத்து நிமிடம் கழித்து அதே கேள்வி, அதே பதில். மரியின் ஆறுதல் சிறிது நேரமே நீடித்தது போல இதுவும் நீடிப்பதில்லை. திரும்பத் திரும்ப உறுதி கேட்பதும் கொடுப்பதும் கவலையைத் தணிப்பதற்குப் பதில் அதைப் பழக்கமாக்கிவிடுகிறது என்று இன்றைய மனநல மருத்துவர்கள் சொல்கிறார்கள். முழுமையாக ஒருமுறை கேளுங்கள், ஒருமுறை பதில் சொல்லுங்கள். அடுத்த முறை கேட்டால், "இதைப் பற்றித்தான் பேசினோமே, வா, வெங்காயம் உரிக்கலாம்" என்று கையில் ஒரு வேலையைக் கொடுப்பதே மேல்.

மாணவியருக்கு ஒரு வழி. அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் தாமஸ் போர்க்கோவெக் என்னும் உளவியல் அறிஞரும் அவருடைய துணைவர்களும் 1983இல் இதை எழுதினார்கள். நாள்தோறும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில், அரைமணி நேரத்தைக் கவலைக்கென்று ஒதுக்க வேண்டும். மற்ற வேளையில் கவலை தலைகாட்டினால், "உன் நேரம் ஆறு மணி" என்று அதனிடம் சொல்லிவிட்டுக் கையிலுள்ள வேலையைத் தொடர வேண்டும். ஆறு மணிக்கு ஒரு பழைய நோட்டுப்புத்தகத்தில் எல்லாவற்றையும் எழுதிப் பார்க்கலாம். எதற்கு வழி உண்டோ அதற்கு எதிரே நாளைக்குச் செய்ய வேண்டியதை எழுதுங்கள். வழியில்லாததை அப்படியே விட்டுவிடுங்கள். காலையில் மலைபோல் நின்றவற்றில் பாதிக்கு மேல் மாலையில் எழுதவே தோன்றாது. கேட்பதற்கு வேடிக்கையாக இருக்கும், செய்து பாருங்கள். படுக்கையை மட்டும் இதற்குரிய இடமாக வைத்துக்கொள்ள வேண்டாம்.

விடுதியில் சேர்ந்த முதல் வாரத்திலேயே, "என்னை வந்து அழைத்துப் போங்கள்" என்று அழும் பெண்கள் ஆண்டுதோறும் உண்டு. புனித இஞ்ஞாசியாரும் 1522இல் மன்ரேசா என்ற ஊரில் இருந்தபோது பாவ அச்சத்தால் வதைபட்டவரே. சொன்ன பாவங்களையே மறுபடி மறுபடி பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிச் சொல்லி அவர் அமைதி இழந்தார். பின்னாளில் அவர் எழுதிய ஆன்மீகப் பயிற்சிகளில், மனம் வறண்டு கலங்கியிருக்கும் வேளையில், தெளிவாக இருந்தபோது எடுத்த முடிவை மாற்றக் கூடாது என்று விதித்திருக்கிறார். முதல் வாரத்து அழுகை, வீட்டை எண்ணி ஏங்கும் ஏக்கம். கல்லூரி தவறு என்பதற்கு அது சாட்சியாகாது. ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். மூத்த மாணவியர் துன்புறுத்தினாலோ, யாரேனும் தகாத முறையில் நடந்துகொண்டாலோ, அதைப் பொறுத்துக்கொண்டிருக்கச் சொல்லும் விதி எதுவும் இல்லை. ராகிங் கொடுமையைத் தமிழ்நாடு அரசு 1997ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றித் தடை செய்துள்ளது. உடனே வீட்டுக்குச் சொல்லுங்கள்.

அன்னை தெரேசாவும் இங்கே நினைவுக்கு வருகிறார். தம் துறவுப் பெயராகச் சிறுமலரின் பெயரையே தேர்ந்துகொண்டவர் அவர். 1928இல், 18ஆம் வயதில் வீட்டை விட்டுப் புறப்பட்டார். அதன்பின் தம் தாயை அவர் பார்க்கவே இல்லை. கல்கத்தாவில் லொரேட்டோ கன்னியரின் பள்ளியில் பல ஆண்டுகள் ஆசிரியையாகவும் பின் தலைமை ஆசிரியையாகவும் பணியாற்றி, 1948 ஆகஸ்டில் அந்த மடத்தையும் விட்டு வெளியேறினார். வீட்டைப் பிரிந்ததைவிட இதுவே கடினமாக இருந்தது என்று அவர் கூறியிருக்கிறார். வெளியேறியதும் அவர் கல்கத்தாவின் வறுமை முழுவதையும் எண்ணிக் கலங்கி உட்காரவில்லை. நேரே பாட்னா சென்று, மருத்துவப் பணி புரியும் கன்னியரிடம் நோயாளிகளைப் பராமரிக்கும் முறையைக் கற்றார். திரும்பி வந்து மோத்திஜில் சேரியில் சில குழந்தைகளைக் கூட்டி, தரையில் குச்சியால் எழுத்துகளை எழுதிக் காட்டினார்.

இவ்வளவும் செய்தும் சிலருக்குக் கவலை அடங்குவதில்லை. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் கெட்டிருந்தால், உணவு செல்லாவிட்டால், புத்தகத்தைத் திறந்தால் எழுத்து மனத்தில் பதியாவிட்டால், காரணமின்றி நெஞ்சு படபடத்தால், வீட்டிலோ வகுப்பாசிரியையிடமோ சகோதரியரிடமோ சொல்லிவிடுங்கள். வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும் அன்றே சொல்லுங்கள், காத்திருக்காதீர்கள். மிகுந்த கவலை ஒரு நோயாக மாறக்கூடும். முறையான உரையாடல் சிகிச்சையாலும், தேவைப்பட்டால் மருந்தாலும் பெரும்பாலும் குணமாகக் கூடிய நோய் அது. 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் என்னும் அரசுச் சேவை 2022 முதல் இயங்கி வருகிறது. இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம்.

"செபம் செய்தால் போகாதா? விசுவாசம் குறைந்ததால்தானே இப்படி?" என்று சிலர் கேட்பர். டைபாய்டு காய்ச்சலுக்கு நாம் மருத்துவமனைக்கும் போகிறோம், செபமாலையும் சொல்கிறோம். ஒன்றுக்காக மற்றொன்றை விடுவதில்லை. மேலும், சிறுமலரின் தந்தை லூயி மார்ட்டின் தம் இறுதிக் காலத்தில் மூளை நலிவுற்று, 1889 முதல் 1892 வரை மூன்றாண்டுகள் கான் நகர மனநல மருத்துவமனையில் இருந்தவர். ஊராரின் வம்புப் பேச்சு அன்று அவருடைய மகள்களைச் சுட்டது. 2015 அக்டோபர் 18ஆம் நாள் திருச்சபை அவரையும் அவருடைய மனைவி செலியையும் புனிதர்களாக உயர்த்தியது.

மகளை விடுதிக்கு அனுப்பும் தாய்மாருக்கு இன்னும் ஒன்று. முதல் மாதத்தில் தொலைபேசியில் பேச ஒரு நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். நினைத்தபோதெல்லாம் அழைத்தால் அவள் மனம் வீட்டிலேயே நின்றுவிடும். அழுதாயா என்று கேட்காமல், இன்று மதியம் என்ன குழம்பு, பக்கத்துக் கட்டிலில் இருப்பவள் எந்த ஊர் என்று கேளுங்கள். மகளும் தன் பங்குக்கு, "நீங்கள் சாப்பிட்டீர்களா? யாரோடு பேசிக்கொண்டிருந்தீர்கள்?" என்று கேட்க வேண்டும், 29 மதிப்பெண் அந்தப் பக்கத்தில் அல்லவா இருக்கிறது! பெட்டியில் ஊறுகாய்ப் புட்டியைத் துணியில் சுற்றி வைக்கும்போதே, அந்த நேரம் இரவு எட்டா, எட்டரையா என்று இருவரும் பேசி முடிவு செய்துகொள்ளலாம்.